அண்ணனின் கணக்கு நோட்டு

போன வாரம் காலை நடை முடிந்து ஏர்போர்ட் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் நடைக் கோஷ்டியில் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் உண்டு. நான் தபால் இலாகாவில் இருந்தவன் என்பதால் என்னை எப்போதும் "போஸ்ட்மாஸ்டரே" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் பேரனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பய இஞ்சினியரிங் கடைசி வருசம். நாலு மாசமா ராத்திரி தூங்குறதே இல்ல போஸ்ட்மாஸ்டரே. ரூமைச் சாத்திக்கிட்டு ஏதோ எழுதிக்கிட்டே இருக்கான். தானாப் பேசிக்கிறான், தானாச் சிரிக்கிறான். சோத்துக்குக் கூப்பிட்டா எரிஞ்சு விழுறான். பரீட்சைக்குக்கூடப் போகல. அவுக அம்மா அழுகுறா. நான்தான் சொன்னேன், மேதைகள்லாம் அப்படித்தான் தாயி, ராமானுஜனே பரீட்சையில தோத்தவர்தானேன்னு."

என் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஐம்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் அப்பா சொன்ன வாக்கியம் அது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

இதுவரை இந்தப் பக்கத்தில் என் அண்ணனைப் பற்றி நான் எழுதியதில்லை. இந்த முறை எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். "எழுதுடா, ஆனா பேரு போடாத" என்றார். போடவில்லை.

1960களில் அவனியாபுரம் தனிக் கிராமம். இன்றைக்கு நகரத்தோடு ஒட்டி மாநகராட்சியாகிவிட்ட ஊரில், அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கினால் வயல், கண்மாய், சாக்கடைத் தண்ணீர் பாயும் புல்லுப் பண்ணை. தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்கு மட்டும் வெளியூர்க் கூட்டம் வரும். அப்பாவுக்கு ஹார்வி மில்லில் வேலை. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான்.

அந்த வீட்டில் அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினார். மில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் தன்னிடமிருந்த லோனி திரிகோணமிதிப் புத்தகத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். அவர் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் ராமானுஜன் வந்தார். 1962இல் ராமானுஜனின் எழுபத்தைந்தாவது பிறந்த ஆண்டுக்குப் பதினைந்து நயா பைசாவில் ஒரு தபால்தலை வெளியானது. பயன்படுத்திய தலை ஒன்று எங்கிருந்தோ அண்ணனுக்குக் கிடைத்தது. ஒரு நீளமான பைண்டு நோட்டின் முதல் பக்கத்தில் அதை ஒட்டி, அதன் கீழிருந்து கணக்குப் போடத் தொடங்கினார். பின்னாளில் லட்சக்கணக்கான தபால்தலைகளைக் கையாண்டுவிட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கும் தலை அது ஒன்றுதான்.

பி.எஸ்.சி. கணிதம் கடைசி வருடம், 1971 தொடக்கத்தில் அண்ணன் மாறினார். ராத்திரி தூக்கம் நின்றது. நோட்டு போதாமல் சுவரில் கரிக்கட்டியால் எண்களை எழுதினார். திண்ணைச் சுவர், அடுப்படிச் சுவர், மாட்டுக் கொட்டகைத் தூண் என்று எங்கே பார்த்தாலும் எண்கள். கேட்டால் பதில் வராது. எழுதும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

நாங்கள் பயப்படவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. பெருமைப்பட்டோம். ஏப்ரல் பரீட்சைக்கு அவர் போகவில்லை. அப்போதுதான் அப்பா சொன்னார், "ராமானுஜனே பரீட்சையில தோத்தவர்தான்" என்று. எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடப் பையன்களை வீட்டுக்குக் கூட்டிவந்து சுவரைக் காட்டுவேன். "எங்கண்ணன் அடுத்த ராமானுஜன்டா" என்பேன். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மூலையில் அண்ணன் வியர்த்து வழிய எழுதிக்கொண்டிருப்பார்.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "படிச்சுப் படிச்சு மூளை சூடாயிருச்சு, எண்ணெய் தேச்சு விடுங்க" என்றார் ஒருவர். "சித்தனுக்குரிய லட்சணம்" என்றார் இன்னொருவர். சிவபெருமானையே பித்தன் என்று கொண்டாடுகிற மண் இது. கிழிந்த துணியோடு திரிகிறவனுக்குள் ஒரு ஞானி இருக்கக்கூடும் என்று நினைத்துக் கும்பிடுகிறவர்கள் நாம். அது நல்ல குணம்தான். ஆனால் அந்தக் கும்பிடு அண்ணனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டவில்லை. ஒரு ராத்திரி அவரைத் தூங்க வைக்கவுமில்லை.

பெருமை தீர்ந்த பிறகு பயம் வந்தது. புத்தகத்தை எல்லாம் பரணில் போட்டுப் பூட்டினார்கள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஊர் பேர் வேண்டாம், ஒரு கோயிலில் ஒரு மண்டலம் கொண்டுபோய் வைத்தோம். அங்கே நாற்பத்தெட்டு நாளும் அவர் காலில் சங்கிலி. சாப்பாட்டுத் தூக்கோடு வாரம் ஒருநாள் பஸ் ஏறிப் போவேன். சங்கிலி உரசிய புண்ணில் ஈ மொய்க்கும். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா தம்பி" என்று மட்டும் சொல்வார்.

இப்படியே எட்டு வருடம் ஓடியது.

1979இல் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் வார்டில் வேலை பார்த்தவர். இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரிதான், பழைய ஆட்களுக்கு எர்ஸ்கின். அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அக்கா, இது கணக்கும் இல்ல, சாமியும் இல்ல. நோய்க்கா" என்றார். மறுநாளே அவரும் நானுமாக அண்ணனைக் கூட்டிப்போனோம்.

டாக்டர் ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேட்டார். பிறகு, "அவர் எதுக்காவது பயப்படுறாரா? அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார். நானும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்டதில்லை.

மனச்சிதைவு என்று சீட்டில் எழுதினார். மாத்திரை, பிறகு மாதம் ஒரு ஊசி. மூன்று மாதத்தில் அண்ணன் தூங்கினார். ஒருநாள் சாயங்காலம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது, அவராகவே சொன்னார்.

"அந்த நம்பரெல்லாம் பயத்துல எழுதினதுடா தம்பி. எழுதறதை நிறுத்தினா அம்மா செத்துப்போயிரும்னு ஒரு குரல் சொல்லிக்கிட்டே இருக்கும். நீ பயலுகளைக் கூட்டியாந்து காட்டுவ. எனக்குக் கை வலிக்கும். ஆனா நிறுத்த முடியாது."

அன்றைக்கு அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டேன்.

இதற்குப் பிறகும் வீட்டில் ஒரு சண்டை பாக்கி இருந்தது. மாத்திரையால் அண்ணனுக்கு உடம்பு பெருத்தது, கை நடுங்கியது, பேச்சு நிதானமானது. பழைய கணக்குப் புத்தகத்தைத் திறந்தார், மூடிவைத்துவிட்டார். அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. "மாத்திரையக் குடுத்து என் ராமானுஜனைக் கொன்னுட்டீங்களேடா" என்பார். 1988இல் இறக்கிறவரை அதையே சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான். அந்தச் சொல் என் மேல்தான் விழுந்தது. ஒருவேளை அவர் சொல்வது நிஜம்தானோ என்று பல ராத்திரி நானும் புரண்டு படுத்திருக்கிறேன்.

1996இல் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் இருந்து அந்த பைண்டு நோட்டு கிடைத்தது. நான் வேலை பார்த்த தபாலாபீசுக்கு ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் பென்ஷன் விஷயமாக வருவார். அவரிடம் நோட்டைக் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு வந்தார். நான் கேட்காமலே ஒரு பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்திருந்தார்.

"இதுவரைக்கும் இருக்கிறது நல்ல பையன் போட்ட கணக்கு. ரெண்டு மூணு இடத்துல புஸ்தகத்துல இல்லாத வழியில போயிருக்கான், அழகா இருக்கு. இதுக்கப்புறம் இருக்கிறது கணக்கே இல்ல சார். வெறும் எண். வரிசை மாத்தி வரிசை மாத்தி எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

அவர் சீட்டு வைத்த பக்கத்தில் அண்ணன் தேதி போட்டிருந்தார். 1971 பிப்ரவரி. முதல் மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதற்கு எட்டு வருடம் முந்தியது அந்தத் தேதி. அண்ணனின் கணக்கை எடுத்தது நோய். மாத்திரை வந்தபோது எடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. அதைக் கேட்க அப்பா இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயம் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். முதலில் ராமானுஜன். அவர் பரீட்சையில் தோற்றது உண்மை. கும்பகோணம் கல்லூரியில் கணக்கு தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். நாம் அதிகம் பேசாத இன்னொரு விஷயமும் உண்டு. 1918 தொடக்கத்தில் லண்டனில் பாதாள ரயில் வரும் தண்டவாளத்தில் அவர் குதித்தார். ஊழியர் ஒருவர் பார்த்து விசையை இழுக்க, சில அடி தூரத்தில் ரயில் நின்றது. காலில் அடியோடு பிழைத்தார். தற்கொலை முயற்சி அப்போது அங்கே குற்றம். போலீஸ் பிடித்துப்போக, ஹார்டி போய்ப் பேசி மீட்டுவந்தார். ஹார்டி வாயால் கேட்டு இதை உலகுக்குச் சொன்னவர் நோபல் பரிசு பெற்ற நம்முடைய எஸ். சந்திரசேகர்.

சிலர் இதையும் மேதையின் கிறுக்குக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்த மனிதர் அப்போது இருந்த நிலையைப் பாருங்கள். 1917 முதல் உடம்புக்கு முடியாமல் ஒரு சிகிச்சை இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். உலகப் போர் நடக்கிறது, ஊருக்குத் திரும்ப வழியில்லை. சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். மனைவியிடமிருந்து கடிதமே இல்லை. ஜானகி அம்மாள் எழுதிய கடிதங்களை மாமியார் போகவிடவில்லை என்று சொல்வார்கள். யாராக இருந்தாலும் உடைந்துபோகிற நிலைதான் அது. உடைந்தது ஒரு மனிதர். கணிதம் அதற்குக் காரணமில்லை. 1919இல் ஊர் திரும்பினார். உடம்பு குணமாகவில்லை, ஆனால் பக்கத்தில் ஜானகி அம்மாள் இருந்து பணிவிடை செய்தார். அந்தக் கடைசி வருடத்தில் படுத்தபடியே அவர் எழுதியவற்றைத்தான் இன்றைக்கும் கணித உலகம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

அண்ணனுக்கு வந்த அதே நோய் வந்த இரண்டு கணித மேதைகள் உண்டு. அமெரிக்காவின் ஜான் நாஷ், பீகாரின் வசிஷ்ட நாராயண் சிங். நாஷ் நோபல் பரிசு வாங்கித் தந்த வேலையைச் செய்தது 1950இல். நோய் தாக்கியது 1959இல். அண்ணன் நோட்டில் இருந்த அதே வரிசை: முதலில் வேலை, பிறகு நோய். பல வருடம் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில் சுற்றிக்கொண்டிருந்தார், யாரும் விரட்டவில்லை. விவாகரத்தான மனைவியே வீட்டில் இடம் கொடுத்தார். மெல்ல மீண்டு, 1994இல் பரிசு மேடை ஏறினார்.

வசிஷ்ட நாராயண் சிங் 1969இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊர் திரும்பி வேலை பார்க்கும்போது நோய் முற்றியது. 1989இல் ஒரு ரயில் பயணத்தில் காணாமல் போனார். 1993இல் பீகாரில் சப்ரா பக்கம் பரதேசிக் கோலத்தில் கண்டுபிடித்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் சிகிச்சை கிடைத்தது, ஆனால் பழைய வாழ்க்கை திரும்பவில்லை. 2019 நவம்பரில் பாட்னாவில் இறந்தார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் பற்றி ஆதாரமில்லாத சாகசக் கதைகள் வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் சுற்றுகின்றன. நாலு வருடம் அவர் எங்கே தூங்கினார், என்ன சாப்பிட்டார் என்று கேட்கிற செய்தி எதுவும் எனக்கு வந்ததில்லை.

நம்ம மதுரையிலும் ஒருவர் உண்டு. எழுத்தாளர் கோபிகிருஷ்ணன், 1945இல் இங்கே பிறந்தவர், 2003இல் காலமானார். உளவியல் படித்தவர். தானே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டு எழுதியவர். மனநோயாளிகளை வைத்து 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்று புத்தகமே எழுதினார். அதைப் படித்தால் நோயில் எந்தக் கிரீடமும் இல்லை என்று தெரியும். மாத்திரை எழுத்தைக் கொன்றுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

திறமைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கலாம். ஸ்வீடனில் கடுமையான மனநோயால் பாதிக்கப்பட்ட சுமார் மூன்று லட்சம் பேரின் பதிவேடுகளை அலசி 2011இல் ஒரு ஆய்வு வெளியானது. இருதுருவ மனநோய் உள்ளவர்கள் கலை, அறிவியல் போன்ற படைப்புத் தொழில்களில் கொஞ்சம் அதிகமாக இருக்கிறார்கள். மனச்சிதைவில் அப்படிப் பொதுவாக இல்லை. ஆனால் அந்த நோயாளிகளின் நோய் இல்லாத உடன்பிறப்புகள் அதிகம் இருக்கிறார்கள் என்று கண்டார்கள். அந்தக் கணக்குப்படி திறமை எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்! என் எழுத்தைப் பொறுத்துக்கொண்டு படிக்கும் உங்களுக்குத் தெரியும், அந்த ஆய்வுக்கு நான் விதிவிலக்கு.

எனக்கு விளங்கிய வரையில் இந்த முடிச்சு விழுவதற்கு முக்கியக் காரணம் வயசு. மனச்சிதைவு ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டிலிருந்து இருபதுகளுக்குள் தலைகாட்டுகிறது. ஒரு பையன் கெட்டிக்காரன் என்று ஊருக்குத் தெரியவருவதும் அதே வயசில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவதால் ஒன்று மற்றதைக் கூட்டிவந்தது என்று நினைத்துவிடுகிறோம். உலகத்தில் சுமார் 300 பேருக்கு ஒருவர் இந்த நோயோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல் உடைக்கிறவர், பூ விற்கிறவர், படிப்பு ஏறாதவர் எல்லாரும் அதில் உண்டு. அவர்களை நாம் மேதை என்று சொல்வதில்லை. வேறு பெயர் சொல்லிக் கல்லெறிகிறோம்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 மனநோயாளிகள் செத்துப்போனார்கள். மறுநாள் பேப்பரை அண்ணன் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு குனிந்து, வலது கணுக்காலைத் தடவிக்கொண்டார். நாங்கள் அவரைக் கொண்டுபோய் வைத்தது வேறு ஊர். சங்கிலி ஒன்றுதான்.

இந்த நோய்க்கான முதல் மருந்து 1952லேயே வந்துவிட்டது. 1971இல் எங்கள் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். எவ்வளவு சீக்கிரம் வைத்தியம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள் டாக்டர்கள். எங்களிடம் பணம் இல்லாமல் போகவில்லை, வைத்தியம் இல்லாமலும் போகவில்லை. வீட்டில் ஒரு ராமானுஜன் இருக்கிறார் என்ற நினைப்புதான் எங்களை பஸ் ஏற விடவில்லை.

அண்ணன் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதினார். பேரேட்டில் ஒரு பைசா இடித்ததில்லை என்று முதலாளி சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது 74 வயது, எங்களோடுதான் இருக்கிறார். என் பேத்திக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு "பெரிய தாத்தா, மாத்திரை?" என்று அவள் கேட்பாள், அவர் நாக்கை நீட்டிக் காட்டுவார்.

இதை எல்லாம் டீக்கடையில் அந்தக் கண்டக்டர் அண்ணனிடம் முழுசாகச் சொல்லவில்லை. நோட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். "உங்க பேரனுக்கு அதேதான்னு சொல்ல நான் டாக்டர் இல்லண்ணே. தூக்கமில்லாமகூட இருக்கலாம். ஆனா அவன்கிட்ட ஒரு தடவ கேளுங்க, எதுக்காவது பயமா இருக்கான்னு" என்றேன். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம் என்று எழுதியும் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "என் பேரனைக் கிறுக்கன்ங்கிறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நாலு நாள் நடைக்கு வரவில்லை.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கேட்டேன் போஸ்ட்மாஸ்டரே... அழுதுட்டான்" என்றார். மறுபடி சும்மா இருந்தார்.

"பெரியாஸ்பத்திரில காலைல எத்தன மணிக்குச் சீட்டுக் குடுக்குறாங்க?"

நானும் கூட வருகிறேன் என்றேன். விஷயம் கேட்டதும் அண்ணன் தானும் வருவதாகச் சொல்லிச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறார்.